தமிழ் தெரியாமல் தமிழ்ப்படம் எடுத்தவர்

சென்ற பருவத்தில் பல்கலைக்கழகத்தில் நான் எடுத்த விருப்பப் பாடம் திரைப்பட ரசனை. ஹாலிவுட்டின் பழைய படங்களைப் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பற்றிப் பேச வேண்டும், பிறகு எழுத வேண்டும். எளிதாக மதிப்பெண் வாங்கிவிடலாம் என்ற ஆசையில்தான் பதிந்துகொண்டேன்.

முதல் வாரம் சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' படத்தைப் போட்டார்கள். 1931-இல் வந்தது. அந்த நேரத்தில் ஹாலிவுட்டில் பேசும் படங்கள் பரவிவிட்டன. ஆனாலும் சாப்ளின் அந்தப் படத்தில் யாரையும் பேச வைக்கவில்லை. பார்வையற்ற பூக்காரப் பெண்ணின் கண் சிகிச்சைக்காக ஓர் ஏழை பாடுபட்டுப் பணம் தேடித் தருகிறான். பார்வை வந்தபின் அவனை அவள் எதிரில் பார்க்கிறாள், யாரென்று தெரியவில்லை. அவன் கையைத் தொடும்போதுதான் தெரிகிறது. படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் வகுப்பில் யாரும் சத்தம் போடவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் 'சிட்டிசன் கேன்' (1941), 'காசாபிளாங்கா' (1942) என்று தொடர்ந்தது. எங்கள் விரிவுரையாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு படத்திலும் ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடுவார். வசனம் கேட்காமலே என்ன நடக்கிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று எழுதச் சொல்வார். நல்ல இயக்குநரின் காட்சி காதை மூடிக்கொண்டாலும் புரியும் என்பது அவர் கொள்கை.

இறுதி இடுபணி எனக்குத் தலைவலியாக வந்தது. பழைய ஹாலிவுட்டுக்கும் நம் சமூகத்தின் சினிமாவுக்கும் பாலமாக இருந்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு வகுப்பில் படைக்க வேண்டும். மலாய் நண்பர்கள் பி. ரம்லியைப் பிடித்துக்கொண்டார்கள். சீன நண்பர்கள் புரூஸ் லீயை எடுத்தார்கள். எனக்கு யாரும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், பழைய தமிழ்ப் படங்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் கூச்சம். மேடை நாடகம் போல நின்று உரக்கப் பேசுவார்கள், நினைத்தால் பாடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மற்ற இனத்து நண்பர்கள் முன்னால் அதைப் போட்டுக் காட்ட மனம் வரவில்லை.

அந்த வார விடுமுறையில் கோலா கெத்திலுக்கு வந்தேன். எங்கள் வீட்டு வரவேற்பறையில் எம்.ஜி.ஆர். படம் ஒன்று மாட்டியிருக்கும். பாட்டியின் சொத்து அது. தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபோது பாட்டி தன் கையாலேயே தூக்கி வந்த இரண்டு மூன்று பொருள்களில் அதுவும் ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டே, எம்.ஜி.ஆர். நடித்த முதல் படம் எது என்று தேடினேன். 'சதி லீலாவதி', 1936. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன்.

எல்லிஸ் டங்கனா? எழுத்துப் பிழையோ என்று இன்னொரு முறை பார்த்தேன். பிழை இல்லை.

டங்கன் 1909-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே புகைப்படக் கருவியின்மேல் ஆசை. பிறகு லாஸ் ஏஞ்சலிசில் உள்ள தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். அந்தத் துறை 1929-இல்தான் தொடங்கப்பட்டது. சினிமாவை ஒரு பட்டப்படிப்பாகப் படிக்கலாம் என்பதே அன்றைக்குப் புதிய செய்தி. ஹாலிவுட் பக்கத்திலேயே இருந்தது. பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம்.

அங்கே அவருடன் படித்தவர் மாணிக் லால் டாண்டன் என்ற இந்திய மாணவர். படிப்பு முடிந்ததும் டாண்டன் தன் நாட்டுக்கு வந்து படமெடுக்கலாம் என்று நண்பர்களை அழைத்தார். மைக்கேல் ஓமலெவ் என்ற இன்னொரு நண்பரும் டங்கனும் 1935-இல் இந்தியாவுக்கு வந்தார்கள். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதுதான் டங்கனின் எண்ணம். தங்கியதோ 15 ஆண்டுகள்.

அந்த ஆண்டு டாண்டன் தமிழில் 'பக்த நந்தனார்' படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்த படம் அது. அதற்காக அவர் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. டங்கன் அந்தப் படத்தில் நண்பருக்குத் துணையாக வேலை செய்தார். அதன்பின் மருதாசலம் செட்டியார் என்ற தயாரிப்பாளர் தன் படத்தை இயக்க டாண்டனை அணுகியபோது, டாண்டன் டங்கனைக் கைகாட்டிவிட்டார். அப்படி வந்ததுதான் 'சதி லீலாவதி'.

எஸ். எஸ். வாசன் எழுதிய கதை அது. சென்னையில் வசதியாக வாழும் கிருஷ்ணமூர்த்தி குடிக்கு அடிமையாகிறான். கையிலிருந்ததை இழக்கிறான். நண்பனைக் கொன்றுவிட்டதாக நினைத்துப் பயந்து இலங்கைக்கு ஓடிப்போய், அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலியாள் ஆகிறான். இந்த இடத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் கொள்ளுத் தாத்தா கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, கெடாவில் பால்மரம் வெட்டியவர். அங்கே தேயிலை, இங்கே ரப்பர். தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை 1936-லேயே தமிழ்த் திரைக்கு வந்துவிட்டது. அதைக் கேமராவின் பின்னால் நின்று பார்த்தவர் ஓஹாயோவிலிருந்து வந்த ஓர் இளைஞர். அப்போது அவருக்கு வயது 26.

அந்த ஒரே படத்தில் எத்தனை பேர் திரைக்கு அறிமுகமானார்கள் தெரியுமா? கதாநாயகன் எம். கே. ராதா, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், டி. எஸ். பாலையா, எம்.ஜி.ஆர். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது காவல் அதிகாரியாக ஒரு சிறிய வேடம். அவரே இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பது இன்னொரு பொருத்தம்.

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. கடைசிவரை அவர் தமிழைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. அப்படியென்றால் எப்படி இயக்கினார்? கதை வசனத்தை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்வார். உதவியாளர்கள் நடுவில் நின்று மொழிபெயர்ப்பார்கள். சொல் சரியாக வருகிறதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முகம், கண், கை, நடை, வெளிச்சம் இவை டங்கனின் பொறுப்பு.

அந்தக் காலத் தமிழ்ப் படங்களின் நிலையை நினைத்துப் பார்த்தால்தான் இதன் மதிப்பு புரியும். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அதாவது, சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' கொடுத்த அதே ஆண்டு. நடிகர்களில் பலர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்திப் பழகியவர்கள். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, நாடகத்தை அப்படியே பிடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. டங்கன் கேமராவை நடிகரின் அருகே கொண்டுபோனார். அதை நகர்த்தினார். அருகில் இருப்பவரிடம் பேச உரத்த குரல் தேவையில்லை, கேமராவும் அருகில்தான் இருக்கிறது என்று உணர்த்தினார். நவீன ஒப்பனை முறையைக் கொண்டுவந்தார். படப்பிடிப்பைத் திட்டமிட்டு, நேரத்துக்கு நடத்தினார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்ததும் ஹாலிவுட்டில் பார்த்ததும் இவைதாம்.

1937-இல் அவர் எடுத்த 'அம்பிகாபதி' பெரும் வெற்றி. எம். கே. தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்தார்கள். கம்பரின் மகன் அம்பிகாபதியும் சோழ இளவரசி அமராவதியும் காதலிக்கும் கதை நமக்குத் தெரிந்ததுதான். வசனம் எழுதியவர் இளங்கோவன். டங்கன் அவரிடம் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைக் காட்டி, மாடத்தில் காதலர் சந்திக்கும் காட்சியைத் தமிழுக்கு ஏற்றபடி அமைக்கச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்ஜ் கியூக்கரின் இயக்கத்தில் ஹாலிவுட்டும் அந்த நாடகத்தைப் படமாக்கியிருந்தது. இளங்கோவன் ஆங்கிலத்தை வார்த்தைக்கு வார்த்தை பெயர்க்காமல், தமிழின் அழகு குறையாமல் எழுதினார். படத்தின் வசனகர்த்தாவுக்கென்று ஒரு தனி மதிப்பு தமிழ்நாட்டில் உண்டானது அவர் காலத்தில்தான்.

அடுத்து 1940-இல் 'சகுந்தலை'. எம். எஸ். சுப்புலட்சுமி சகுந்தலையாகவும், ஜி. என். பாலசுப்பிரமணியம் துஷ்யந்தனாகவும் நடித்தார்கள். இருவரும் கர்நாடக இசையின் பெரிய பெயர்கள். அதே ஆண்டு 'காளமேகம்' படத்தில் நாகசுர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையை நடிக்க வைத்தார்.

எம்.எஸ். நடித்த 'மீரா' 1945 தீபாவளிக்கு வெளிவந்தது. டங்கனைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இந்தப் படத்தைச் சேர்ந்தது. படப்பிடிப்பு தொடங்கும் முன், எம்.எஸ். அவர்களின் முகத்தைப் பிளாஸ்டர் மார்பளவுச் சிலையாகச் செய்ய வைத்தார்கள். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும் அந்தச் சிலைக்கு மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து என்று வெவ்வேறு விதமாக விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். எந்த உணர்ச்சிக்கு எந்த வெளிச்சம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார்கள். வார்த்தை புரியாத ஒருவர், அந்தப் பாடகியின் முகத்தைப் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட உழைப்பு அது. குழந்தை மீரா பாடிக்கொண்டிருக்கும்போதே வளர்ந்த மீராவாக மாறும் காட்சியை இன்றைக்கும் திரைப்பட மாணவர்கள் எடுத்துப் பேசுகிறார்கள். 'மீரா' பின்னர் இந்தியிலும் வெளியாகி, எம்.எஸ். அவர்களை வட இந்தியா முழுவதும் கொண்டு சேர்த்தது.

1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காக இரண்டு படங்கள். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைத் தழுவிய 'பொன்முடி' ஒன்று. அதில் காதல் காட்சிகள் எல்லை மீறிவிட்டன என்று கண்டனம் எழுந்தது. வெள்ளைக்காரர் தன் ஊர்ப் பழக்கத்தை இங்கே திணிக்கிறார் என்ற முணுமுணுப்பையும் அவர் கேட்க வேண்டியிருந்தது. மற்றொன்று 'மந்திரி குமாரி'. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதியது. 14 ஆண்டுகளுக்கு முன் சிறு வேடத்தில் வந்த எம்.ஜி.ஆர். இதில் கதாநாயகன். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சர்களான இருவரும் டங்கனின் கடைசித் தமிழ்ப் படத்தில் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். படம் முடிவதற்குள் டங்கன் அமெரிக்கா திரும்பிவிட்டார். மீதியை மாடர்ன் தியேட்டர்ஸ் உரிமையாளர் டி. ஆர். சுந்தரம் எடுத்து முடித்தார். படத்தில் இருவர் பெயரும் உண்டு.

அதன்பின் டங்கன் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் குடியேறி, ஆவணப்படங்கள் எடுத்து வாழ்ந்தார். தமிழ்நாட்டில் அவர் பெயர் மெல்ல மறந்துபோனது. 2001-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், 92-ஆம் வயதில் காலமானார்.

இவ்வளவையும் நான் வகுப்பில் படைத்தேன். நன்றாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்வரிசையிலிருந்து ஒரு தோழி கை தூக்கினாள். இந்தப் படங்களை ஒரு வெள்ளைக்காரர் எடுத்தார் என்பதால்தானே உனக்குப் பெருமையாக இருக்கிறது, ஒரு தமிழர் எடுத்திருந்தால் இங்கே கொண்டு வந்திருப்பாயா என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால், அவள் சொன்னதில் பாதி உண்மை.

யோசித்துப் பார்த்தேன். நாம் ஹாலிவுட் என்று கொண்டாடுவதும் ஓர் ஊர்க்காரர்கள் மட்டும் செய்தது இல்லை. 'காசாபிளாங்கா'வை இயக்கிய மைக்கேல் கர்ட்டிஸ் ஹங்கேரியிலிருந்து வந்தவர். அவருடைய ஆங்கிலம் கடைசிவரை தடுமாற்றம்தான். அந்தப் படத்தில் நடித்தவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து அகதிகளாகத் தப்பி வந்தவர்கள். லூபிட்ஷும் முர்னாவும் ஜெர்மனியிலிருந்து போனவர்கள். நம் பக்கத்திலும் இப்படித்தான். பி. ரம்லிக்கு முதன்முதலில் கதாநாயகன் வேடம் கொடுத்த 'பக்தி' படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். அதுவும் 'மந்திரி குமாரி' வந்த அதே 1950-இல். தொழில் தெரிந்தவர்கள் கடல் தாண்டிப் போனார்கள், போன இடத்து மக்களுடன் சேர்ந்து படம் செய்தார்கள்.

சேர்ந்து என்பதுதான் இங்கே முக்கியம். இளங்கோவன் இல்லாவிட்டால் 'அம்பிகாபதி'யின் தமிழ் இல்லை. ஜிதேன் பானர்ஜி இல்லாவிட்டால் 'மீரா'வின் வெளிச்சம் இல்லை. நடுவில் நின்று மொழிபெயர்த்த உதவியாளர்கள் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. என் படைப்பில் நான் இவர்களை ஒரே வரியில் கடந்து போயிருந்தேன். தோழி பிடித்த தவறு அதுதான்.

பருவ விடுமுறைக்கு மறுபடியும் வீட்டுக்கு வந்தேன். பாட்டிக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். சில ஆண்டுகளாகக் காது கேட்பதில்லை. கருவி வாங்கிக் கொடுத்தும் இரைச்சல் என்று கழற்றி வைத்துவிட்டார். தொலைக்காட்சி முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். கேட்காத ஒருவருடன் உட்கார்ந்து என்ன பயன் என்று நானும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவேன்.

அன்றைக்கு மடிக்கணினியில் 'மந்திரி குமாரி'யைப் போட்டு, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரிவுரையாளரின் பழக்கம் நினைவுக்கு வந்து, ஒலியை அணைத்துவிட்டேன். மலையுச்சிக் காட்சி வந்தது. கணவன் மனைவியைக் கொல்வதற்காக அங்கே அழைத்து வருகிறான். விஷயம் தெரிந்ததும், சாகுமுன் உன்னை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். சுற்றி வரும்போது பின்னாலிருந்து அவனையே தள்ளிவிடுகிறாள். எனக்கு வசனம் இல்லாமல் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. பாட்டிக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. பெண் எந்த இடத்தில் முடிவு எடுத்துவிட்டாள் என்பதை அவள் கண்ணைக் காட்டிச் சொன்னார். அதற்கு முன்பே கணவனின் சிரிப்பு சரியில்லை என்றார்.

பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். சிறு வயதில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். முன்னால் இடம் கிடைக்காவிட்டால் துணிக்குப் பின்புறம் போய் உட்கார்ந்து பார்ப்பார்களாம். அங்கே எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், பேச்சும் காற்றில் பாதி போய்விடும். ஆனாலும் கதை புரிந்துவிடும், மறுநாள் பால் வெட்டும் நிரையில் அதே கதையை வேலை முடியும்வரை பேசுவார்கள் என்றார். நான் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டிக் கற்றுக்கொண்ட பாடத்தைப் பாட்டி திடலில் உட்கார்ந்தே கற்றிருக்கிறார். பார்ப்பது, பார்த்ததைப் பற்றிப் பேசுவது. இரண்டும் அவரிடம் இருந்தன. கேட்க ஆள்தான் இல்லாமல் போய்விட்டது.

டங்கனின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான், நண்பர்களே. மொழி தெரியாத அவர் கூர்ந்து பார்த்தார்; தெரியாததை மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டார். மொழி தெரிந்த நாமோ, கறுப்பு வெள்ளை என்றவுடன் அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறோம். அது சாப்ளின் படமானாலும் சரி, பாகவதர் படமானாலும் சரி, ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு காட்சியையாவது ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முடிந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

என் தோழிக்கும் இப்போது பதில் சொல்ல முடியும். முதலில் டங்கனின் பெயரைப் பார்த்துத்தான் இந்தப் படங்களிடம் போனேன், அதை மறைக்கவில்லை. இப்போது அவற்றில் இளங்கோவனையும் ஜிதேன் பானர்ஜியையும் தேடிப் பார்க்கிறேன். அடுத்த வாரம் நானும் பாட்டியும் 'மீரா' பார்க்கப் போகிறோம். எம்.எஸ். அவர்களின் குரல் பாட்டிக்குக் கேட்காது. முகம் தெரியும்.